டெபியன் 13: பன்னிரண்டு வருட சர்வரும் நான்கு பழைய முகவரிகளும்

எங்கள் மாமாவின் அச்சகத்தில், பைண்டிங் மேசைக்குப் பின்னால் ஒரு சர்வர் ஓடிக்கொண்டிருக்கிறது. 2013-ல் டெபியன் என்ற லினக்ஸ் சிஸ்டத்தின் 7-ஆம் பதிப்பு வெளிவந்த சமயத்தில் நான் நிறுவியது. அதற்குப் பிறகு பெட்டி இரண்டு முறை மாறிவிட்டது, டிஸ்க் மூன்று முறை மாறிவிட்டது, ஆனால் சிஸ்டத்தைத் துடைத்துவிட்டுப் புதிதாகப் போட்டதே இல்லை. 7-லிருந்து 8, 8-லிருந்து 9 என்று ஒவ்வொரு படியாக ஏற்றிக்கொண்டே வந்தேன். நடுவில் ஒரு படியை விட்டுத் தாவுவதை டெபியன் ஆதரிப்பதில்லை, அதனால் ஒன்றையும் விடவில்லை. 13-ஆம் பதிப்பு 2025 ஆகஸ்ட் 9 அன்று வந்தது. ஆடி பிறந்தால் எங்களுக்குக் காலண்டர் வேலை தொடங்கிவிடும், அப்போது சர்வரைத் தொட முடியாது. தீபாவளிக்கு மூன்று நாள் அச்சகத்தை மூடியபோதுதான் கை வைத்தேன்.

டெஸ்க்டாப் எப்படி இருக்கிறது, புதிதாக என்னென்ன மென்பொருள் வந்திருக்கிறது என்பதெல்லாம் இந்த மதிப்புரையில் இல்லை. எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். பழைய நிரல் ஒரு பொருளைத் தேடிப் போகும் இடத்தில் அந்தப் பொருள் இன்னும் இருக்கிறதா?

எங்களிடம் பில் போடும் நிரல் ஒன்று உண்டு. 32-பிட் லினக்ஸ் பைனரி, அதாவது கணினி நேராக ஓட்டும் வடிவம். எழுதியவர் அந்தத் தொழிலை விட்டுப் பல வருடம் ஆகிறது, மூல நிரல் எங்களிடம் இல்லை. பேப்பர், பிளேட், அச்சுக் கூலி, பைண்டிங் என்று எங்கள் தொழிலுக்கே அளவெடுத்துத் தைத்த கணக்கு அதில் இருக்கிறது. மாமா அதை விடமாட்டார். விடச் சொல்ல எனக்கும் மனமில்லை. 'ஸ்ட்ரிங்ஸ்' கட்டளையை அதன்மேல் ஓட்டினால் உள்ளே பதிந்திருக்கும் பாதைகள் தெரியும். பாதைகளை நாங்கள் வாயால் சொல்வதுபோலவே இங்கே எழுதுகிறேன். பேக்கப் எடுக்க /பின்/சிபி. பூட்டுக் கோப்பு வைக்க /வார்/ரன்-க்குள் ஒரு டைரக்டரி. பிரிண்டருக்கு அனுப்பும் முன் பில்லை எழுதி வைக்க /டெம்ப். எல்லாவற்றுக்கும் முன்னால், நிரலையே ஓடவைக்கும் லோடர், அதாவது /லிப்-க்குள் இருக்கும் எல்டி-லினக்ஸ் என்ற கோப்பு. இந்த நான்கு முகவரிகளுக்கும் பின்னால் இருக்கும் உண்மையான இடம் வெவ்வேறு பதிப்புகளில் மாறிவிட்டது. பில் நிரலில் ஒரு பைட்கூட மாறவில்லை.

முதலில் /பின். இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும்.

பெல் லேப்ஸில் யூனிக்ஸ் பிறந்தபோது சிஸ்டம் ஒரு சின்ன டிஸ்க்கில் இருந்தது. பயனர்களின் கோப்புகள் இன்னொரு டிஸ்க்கில், /யூஎஸ்ஆர் என்ற பெயரில் இருந்தன. சிஸ்டம் வளர்ந்து முதல் டிஸ்க்கில் இடம் போதாமல் போனதும் நிரல்கள் இரண்டாவது டிஸ்க்குக்குள் வழிந்தன. /பின் ஒன்று, /யூஎஸ்ஆர்/பின் இன்னொன்று என்று ஆனது அப்படித்தான். பயனர்கள் பிறகு வேறு இடத்துக்குக் குடிபோய்விட்டார்கள், பெயர் மட்டும் நின்றுவிட்டது. இடநெருக்கடியில் பிறந்த பிரிவினைக்கு ஒரு நல்ல காரணமும் பின்னால் வந்து சேர்ந்தது. /யூஎஸ்ஆர் இணையாமல் போனாலும் சிஸ்டத்தை எழுப்பிப் பழுது பார்க்கும் அளவுக்கான கட்டளைகள் /பின்-இலும் /எஸ்பின்-இலும் இருக்க வேண்டும் என்பது அது. /யூஎஸ்ஆர்-ஐ நெட்வொர்க் வழியாகப் பல கணினிகள் பகிர்ந்துகொண்ட காலத்தில் அது நியாயமான ஏற்பாடு. இன்று லினக்ஸில் சிஸ்டத்தின் மையமான கர்னலோடு சேர்ந்து ஏறும் இனிட்ராம்எஃப்எஸ் என்ற சின்ன சிஸ்டமே /யூஎஸ்ஆர்-ஐ இணைத்துக் கொடுத்துவிடுகிறது. காரணம் போய்விட்டது. முகவரிகளோ லட்சக்கணக்கான ஸ்கிரிப்டுகளின் முதல் வரியில் உட்கார்ந்திருக்கின்றன.

எது எங்கே இருக்க வேண்டும் என்று லினக்ஸ்காரர்கள் கூடி எழுதிய முதல் ஆவணம் 1994 பிப்ரவரி 14 அன்று வந்தது. பிறகு அது எஃப்எச்எஸ் என்ற பெயருக்கு மாறியது. 2004-ல் வந்த 2.3, 2015-ல் வந்த 3.0 இரண்டையும் நான் வரிவரியாகப் படித்திருக்கிறேன். எனக்கு அதில் மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. வேர் டைரக்டரியின் கீழ் என்னென்ன இருக்க வேண்டும் என்று பட்டியல் போடும் இடத்தில், இவை டைரக்டரிகளாகவோ டைரக்டரிகளைக் காட்டும் சிம்லிங்க்குகளாகவோ (இன்னொரு இடத்துக்கு வழிகாட்டும் பெயர்ப்பலகை போன்றவை) இருக்கலாம் என்று எழுதியிருக்கிறார்கள். அந்த ஒரு சலுகைதான் பின்னால் வந்தவர்களைக் காப்பாற்றியது. /பின் என்ற வாசல் அங்கேயே இருக்க வேண்டும், அந்த வாசலுக்குப் பின்னால் எந்த அறை என்பது உங்கள் விருப்பம்.

ஃபெடோரா என்ற இன்னொரு லினக்ஸ் சிஸ்டம் 2012-ல் 17-ஆம் பதிப்பில் இதை ஒரே மூச்சில் செய்து முடித்தது. /பின், /எஸ்பின், /லிப் எல்லாவற்றின் உள்ளடக்கமும் /யூஎஸ்ஆர்-க்குள் போனது, பழைய இடங்களில் சிம்லிங்க் மட்டும் நின்றது. ஏன் தலைகீழாக, எல்லாவற்றையும் வேருக்கே கொண்டுவரவில்லை என்று கேட்பவர்கள் உண்டு. லினக்ஸுக்குப் பதிலாக ஹர்ட்டின் மேல் ஓடும் டெபியன் பதிப்பில் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது, /யூஎஸ்ஆர் என்பதே வேரைக் காட்டும் ஒரு சிம்லிங்க்காக. ஆனால் வேரில் /எட்சி இருக்கிறது, /வார் இருக்கிறது, /ஹோம் இருக்கிறது, இவை அந்தந்தக் கணினிக்கே உரியவை. விற்பனையாளர் கொடுத்த நிரல்கள் முழுவதும் ஒரே டைரக்டரிக்குள் இருந்தால் அதை மட்டும் படிக்க மட்டுமே முடிகிற மாதிரி பூட்டலாம், அதை மட்டும் படம் பிடித்து வைத்துக்கொள்ளலாம், வேண்டாமென்றால் பழையதற்குத் திரும்பலாம். /யூஎஸ்ஆர் பக்கம் போனது சரியான முடிவு என்றே நான் நினைக்கிறேன்.

டெபியன் இதே வேலைக்கு எடுத்துக்கொண்ட காலம் மிக நீளம். 2019-ல் வந்த 10-ஆம் பதிப்பில், புதிதாக நிறுவுபவர்களுக்கு மட்டும் இப்படி /யூஎஸ்ஆர்-க்குள் இணைந்த அமைப்பு. எங்கள் சர்வர் போலப் படிப்படியாக ஏறி வந்தவை பழைய அமைப்பிலேயே தொடர்ந்தன. 12 முதல் இணைந்த அமைப்புக்கு மட்டுமே ஆதரவு என்று டெபியனின் தொழில்நுட்பக் குழு 2021 பிப்ரவரியில் முடிவெடுத்தது. 2023 ஜூனில் 12-க்கு ஏற்றியபோது எங்கள் சர்வரும் மாற வேண்டி வந்தது. ஆனால் அப்போதும் வேலை பாதிதான் முடிந்திருந்தது. டிஸ்க்கில் எல்லாம் /யூஎஸ்ஆர்-க்குள் போய்விட்டது, பேக்கேஜ்களின் (மென்பொருள் பொதிகளின்) பட்டியலிலோ பல கோப்புகள் இன்னும் /பின் என்றே பதிவாகியிருந்தன.

பேக்கேஜ்களை வைத்து எடுக்கும் டிபிகேஜி என்ற நிரலுக்கு /பின்/எல்எஸ்-உம் /யூஎஸ்ஆர்/பின்/எல்எஸ்-உம் ஒரே கோப்பு என்று தெரியாது. அதன் கணக்கில் அவை இரண்டு. சாதாரண நாட்களில் இதனால் ஒன்றும் ஆகாது. ஒரு கோப்பு /பின்-லிருந்து /யூஎஸ்ஆர்/பின்-க்கு மாறி, அதே சமயம் ஒரு பேக்கேஜிலிருந்து இன்னொரு பேக்கேஜுக்கும் மாறினால்தான் ஆபத்து. புதிய பேக்கேஜ் கோப்பை வைக்கிறது. பழைய பேக்கேஜைப் புதுப்பிக்கும்போது, 'இது எனக்கு இனி வேண்டாம்' என்று டிபிகேஜி பழைய பெயரில் நீக்குகிறது. பெயர் வேறானாலும் கோப்பு ஒன்றே என்பதால், இப்போதுதான் வைத்தது காணாமல் போகிறது. அந்தக் கோப்பு லோடராகவோ, கட்டளைகளை வாசித்து ஓட்டும் ஷெல்லாகவோ இருந்தால் சர்வர் அத்தோடு படுத்துவிடும். இந்தக் காரணத்தால்தான் 12 வெளிவரும் வரை இப்படிக் கோப்புகளை இடம் மாற்ற வேண்டாம் என்று நிறுத்தி வைத்திருந்தார்கள். அதன் பிறகு ஹெல்முட் குரோனா முன்னெடுத்த திட்டத்தின்படி ஒவ்வொரு பேக்கேஜாகத் திருத்தி, 13-ல் முடித்தார்கள். வெளியிலிருந்து பார்க்கும் யாருக்கும் ஒன்றும் தெரியாத வேலை. அதைச் செய்தவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை இருக்கிறது.

மாற்றம் கண்ணுக்குத் தெரியும் ஒரு சின்னச் சோதனை சொல்கிறேன். எல்எஸ் கட்டளை எங்கே இருக்கிறது என்று 'விச்' கட்டளையிடம் கேட்டால் /யூஎஸ்ஆர்/பின் என்று சொல்லும். அது எந்தப் பேக்கேஜுடையது என்று அதே பாதையைக் கொடுத்து டிபிகேஜியிடம் கேட்டால், 12-ல் அப்படி ஒரு கோப்பே இல்லை என்று பதில் வரும். கண்ணெதிரே இருக்கும் கோப்பு! 13-ல் கேட்டேன், கோர்யூடில்ஸ் என்று சரியாகச் சொன்னது. இரண்டு வருடமாக மனதில் உறுத்திக்கொண்டிருந்தது தீர்ந்தது.

2023-ல் எங்கள் சர்வரை மாற்றும்போது ஒரு தடங்கலும் வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். மாற்றும் நிரல் பாதியில் நின்றுவிட்டது. /பின்-இலும் /யூஎஸ்ஆர்/பின்-இலும் ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு கோப்புகள் இருக்கின்றன, நீங்களே பார்த்து முடிவு செய்யுங்கள் என்றது. பார்த்தால், என்றோ வாங்கிய லேபிள் பிரிண்டரின் டிரைவர், அச்சுக் கோப்புகளைக் கையாளும் கோஸ்ட்ஸ்கிரிப்டின் பெயரிலேயே ஒரு ஸ்கிரிப்டை நேராக /பின்-க்குள் போட்டு வைத்திருக்கிறது. வெளியார் மென்பொருளுக்கு /ஆப்ட், அந்தந்தக் கணினிக்காரர் தானே போடுவதற்கு /யூஎஸ்ஆர்/லோக்கல் என்று தரநிலை தெளிவாக இடம் ஒதுக்கியிருக்கிறது. அதை மதிக்காமல் போட்ட ஒரு கோப்பு பல வருடம் கழித்து வந்து குறுக்கே நிற்கிறது. அதை /யூஎஸ்ஆர்/லோக்கல்/பின்-க்கு நகர்த்தி, டிரைவரின் அமைப்பில் பாதையைத் திருத்தி, மறுபடி ஓட்டினேன், முடிந்தது. தானாக எதையாவது அழித்துவிட்டுத் தொடராமல் நிறுத்திக் கேட்டதே, அதற்காகவே அந்த நிரலை எழுதியவருக்கு நன்றி சொல்ல வேண்டும். /யூஎஸ்ஆர்-ஐத் தனிப் பார்ட்டிஷனில் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று: கர்னலின் மாட்யூல்கள் முழுவதும் /லிப்-லிருந்து அங்கே வந்துவிடும், முன்கூட்டியே இடம் பார்த்து வையுங்கள்.

அப்புறம் /வார்/ரன். இது டெபியன் 7-லேயே /ரன்-க்குப் போய்விட்டது, பழைய பெயர் சிம்லிங்க்காக நிற்கிறது. தரநிலை /ரன்-ஐ ஏற்றுக்கொண்டது 2015-ல்தான், நடைமுறை முன்னால் போய் எழுத்து பின்னால் வந்த இடம் இது. /ரன் நினைவகத்தில் இருப்பதால் ஒவ்வொரு முறை அணைத்து எழுப்பும்போதும் காலியாகிவிடும், பில் நிரலோ அதற்குள் தன் டைரக்டரி எப்போதும் இருக்கும் என்று நம்புகிறது. /எட்சி/டிஎம்பிஃபைல்ஸ்.டி-யில் ஒரே வரி எழுதினால் எழும்போதே அந்த டைரக்டரி உருவாகிவிடும். என்றோ எழுதிய வரி, 13-லும் அப்படியே வேலை செய்கிறது.

/டெம்ப் தான் 13-ல் புதிதாக மாறியது. இதுவரை டிஸ்க்கில் இருந்தது இப்போது நினைவகத்துக்கு வந்துவிட்டது, ரேமில் பாதி வரை பிடித்துக்கொள்ளும். பழைய சர்வரை மேம்படுத்தினாலும் இது நடக்கும். எங்கள் பெட்டியில் 8 ஜிபி ரேம், ஆக 4 ஜிபி. பில் நிரலுக்கு அது கடல். ஆனால் புத்தகப் பக்கங்களை ஃபாரம் வாரியாக அடுக்கும் எங்கள் ஸ்கிரிப்ட், படங்கள் நிறைந்த வேலை வந்தால் /டெம்ப்-க்குள் 5, 6 ஜிபி எழுதும். வெளியீட்டுக் குறிப்புகளை முன்பே படித்திருந்ததால் அந்த ஸ்கிரிப்டை /வார்/டெம்ப் பக்கம் திருப்பிவிட்டேன், டிஸ்க்கில் இருக்க வேண்டிய பெரிய தற்காலிகக் கோப்புகளுக்கு அதுதான் இடம். ஸ்கிரிப்டைத் தொட முடியாதவர்கள் சிஸ்டத்தை எழுப்பி நடத்தும் சிஸ்டம்டி-யின் டெம்ப் மவுன்ட்டை மாஸ்க் செய்துவிட்டால், அதாவது முடக்கிவிட்டால், பழையபடி டிஸ்க்குக்கே போய்விடும். புதிதாக நிறுவினால் /டெம்ப்-இல் 10 நாளும் /வார்/டெம்ப்-இல் 30 நாளும் கடந்த கோப்புகள் தானாகத் துடைக்கப்படும். படிப்படியாக ஏறி வந்த சர்வர்களில் இந்தத் துடைப்பைப் புகுத்தாமல் விட்டிருக்கிறார்கள். இந்த வேறுபாட்டைக் கவனித்துச் செய்ததுதான் எனக்குப் பிடித்தது. பன்னிரண்டு வருடப் பழக்கம் உள்ள இடத்தில் ஒரு கோப்பு திடீரென்று மறைந்தால் அதைச் சார்ந்து யார் இருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது.

நான்காவது, லோடர். ஒரு லினக்ஸ் பைனரிக்குள் அதன் லோடரின் முழுப் பாதையும் எழுதப்பட்டிருக்கும். 32-பிட் என்றால் /லிப்-க்குள் எல்டி-லினக்ஸ், 64-பிட் என்றால் /லிப்64-க்குள் இன்னொன்று. அந்த இடத்தில் அது இல்லையென்றால், நிரல் கண்முன்னே இருந்தும் 'அப்படி ஒரு கோப்பு இல்லை' என்ற செய்திதான் வரும். இல்லாதது நிரல் இல்லை, லோடர். இது தெரியாமல் ஒரு நாள் முழுக்கத் தேடியவர்கள் எத்தனையோ பேர். 13-ல் 32-பிட் பிசிக்கான கர்னலும் இல்லை, நிறுவியும் இல்லை. ஆனால் 64-பிட் சிஸ்டத்தின் மேல் 32-பிட் நூலகங்களைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளும் வழி இருக்கிறது. மற்ற 32-பிட் கட்டமைப்புகளில் நேரத்தை எண்ணும் அளவை 64-பிட்டுக்கு மாற்றிவிட்டு, 32-பிட் பிசியில் மட்டும் பழைய பைனரிகள் ஓட வேண்டும் என்பதற்காகவே மாற்றாமல் விட்டிருக்கிறார்கள். பில் நிரலைத் தட்டினேன், எழுந்து நின்றது.

இனி குறை. /எட்சி/சிஸ்சிடிஎல்.கான்ஃப் என்ற கோப்பில் கர்னல் அமைப்புகளை எழுதி வைப்பது காலங்காலமாக உள்ள பழக்கம். 13-லிருந்து சிஸ்டம் எழும்போது அது வாசிக்கப்படாது. நாம் எழுதுவதை /எட்சி/சிஸ்சிடிஎல்.டி டைரக்டரிக்குள் வைக்க வேண்டும். எங்கள் அச்சகத்தின் ஆறு கணினிகளுக்கும் இணையம் போவது இந்த சர்வர் வழியாக, அதற்கான வரி அந்தக் கோப்பில்தான் இருந்தது. வெளியீட்டுக் குறிப்புகளில் இதைச் சொல்லியிருக்கிறார்கள், நான் படித்து நகர்த்திவிட்டேன். படிக்காதவருக்கு என்ன ஆகும்? கோப்பு இருந்த இடத்திலேயே இருக்கும், உள்ளே எழுதியதும் அப்படியே இருக்கும், வேலை மட்டும் நடக்காது. /பின்-க்காக இத்தனை வருடம் பொறுமையாக உழைத்தவர்கள் இங்கே ஒரு சிம்லிங்க்கை விட்டுவைத்திருக்கலாம். இதே பணிக்கு அதற்கு முன்பு வரை ஒரு சிம்லிங்க்தான் இருந்தது என்பது இன்னும் வருத்தம். யார் யார் உள்நுழைந்தார்கள் என்று காட்டும் 'லாஸ்ட்' கட்டளையும் போய்விட்டது, ஆனால் அதற்குக் காரணம் உண்டு. அதன் பழைய பதிவுக் கோப்பு 2038-க்குப் பிறகு தாங்காது. மாற்றாக டபிள்யூடிஎம்பிடிபி-யை நிறுவிக்கொள்ளலாம்.

வேறு சிஸ்டங்களுக்குப் போயிருக்கலாமே என்று நண்பர்கள் கேட்பார்கள். ஃப்ரீபிஎஸ்டி எனக்கு மிகவும் பிடிக்கும். அடிப்படை சிஸ்டம் ஒரு பக்கம், நாம் சேர்ப்பதெல்லாம் /யூஎஸ்ஆர்/லோக்கல் பக்கம் என்று கோடு போட்டதுபோல் இருக்கும். /பின்-உம் /யூஎஸ்ஆர்/பின்-உம் அங்கே இன்றும் தனித்தனி. ஆனால் பாஷ் என்ற ஷெல் அங்கே /யூஎஸ்ஆர்/லோக்கல்/பின்-க்குள் இருப்பதால், முதல் வரியில் /பின்/பாஷ் என்று எழுதிய எங்கள் ஸ்கிரிப்டுகள் எல்லாம் நின்றுவிடும். நிக்ஸ்ஓஎஸ் பழைய அடுக்கையே விட்டுவிட்டது. ஷெல்லுக்காக /பின்-இல் ஒன்று, 'என்வ்' கட்டளைக்காக /யூஎஸ்ஆர்/பின்-இல் ஒன்று, அவ்வளவுதான் மிச்சம். எங்கள் பில் நிரலுக்குத் தேவையான லோடர் அதன் இடத்தில் இருக்காது, தனி ஏற்பாடு செய்ய வேண்டும். கோபோலினக்ஸ் ஒவ்வொரு மென்பொருளுக்கும் /புரோகிராம்ஸ்-க்குள் தனி அறை கொடுக்கிறது, பார்க்க அவ்வளவு அழகு. அவர்களும் பழைய பெயர்களைச் சிம்லிங்க்காக வைத்து, கண்ணில் படாமல் மறைக்கக் கர்னலுக்கே ஓர் ஒட்டுப் போட்டார்கள். மறைக்கத்தான் முடிந்தது, எடுக்க முடியவில்லை.

மேம்படுத்தல் முடிய இரண்டரை மணி நேரம் ஆனது. முன்னதாக ஒன்று செய்யுங்கள்: /பூட் தனிப் பார்ட்டிஷனாக இருந்தால் அதில் 300 எம்பி-யாவது காலியாக இருக்கிறதா என்று பாருங்கள். பழைய சர்வர் வைத்திருப்பவர்கள், மூல நிரல் இல்லாத ஏதோ ஒன்றை நம்பித் தொழில் நடத்துபவர்கள், தயங்காமல் 13-க்கு வரலாம். வெளியீட்டுக் குறிப்புகளில் ஐந்தாவது அத்தியாயத்தை மட்டும் முழுக்கப் படித்துவிட்டு வாருங்கள்.

கடை திறந்த அன்று காலை மாமாவிடம் ஒரு விஷயம் சொன்னேன். நேரத்தை 32-பிட்டிலேயே விட்டிருப்பதால் நம் பில் நிரல் 2038 ஜனவரி 19-க்கு மேல் தேதி எண்ணாது.

"அதுக்கு இன்னும் எத்தனை வருஷம் இருக்கு?" என்றார்.

"பன்னிரண்டு, மாமா."

"சரி, அப்போ இப்பவே கணக்கையெல்லாம் வெளியே எடுத்து வைக்க ஆரம்பிச்சிரு. நிரல் ஓடற வரைக்கும் ஓடட்டும்."

நிரலின் கோப்புகளிலிருந்து சாதாரண உரையாகப் பில்களை எடுக்க ஒரு ஸ்கிரிப்ட் எழுதியிருக்கிறேன். முதல் வரியில் /பின்/எஸ்எச் என்றே போட்டிருக்கிறேன். 2013, 2014 இரண்டு வருடக் கணக்கு வெளியே வந்துவிட்டது, 2015 ஓடிக்கொண்டிருக்கிறது.